பிறவிக் குடியுரிமையும் பெற்ற குடியுரிமையும்: அமெரிக்காவில் வாழும் குடும்பம் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கி ஐந்தாண்டுகள் நிறையும் தறுவாயில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதா, இருக்கிற நிலையிலேயே தொடர்வதா? அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கேள்வியும் வருகிறது. விண்ணப்பித்துப் பெறும் குடியுரிமை, அந்த மண்ணில் பிறந்தவருடைய குடியுரிமைக்கு நிகரானதா? என்ன செய்தாலும் நாம் இரண்டாம் தரக் குடிமக்கள்தான் என்று சிலர் சொல்கிறார்கள். சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டுவிட்டால் எந்த வேறுபாடும் இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். சட்டத்தை ஊன்றிப் படித்தால் இரண்டும் சரியல்ல என்று தெரியும். வேறுபாடு இருக்கிறது. அது அதிபர் பதவியைப் பொறுத்த ஒன்று என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் ஒரு குடும்பத்தின் முடிவுக்கு உண்மையில் முக்கியமானது, எந்த வழியில் வந்த குடியுரிமையை அரசு பின்னாளில் திரும்பப் பெற முடியும், எதைப் பெற முடியாது என்பதே. இந்தக் கட்டுரை வழிகளை அந்த அளவுகோலைக் கொண்டுதான் ஒப்பிடுகிறது.

பிறந்த கணத்திலேயே, பின்னர் எந்த நடைமுறையும் தேவைப்படாமல் குடிமகனாக இருப்பவரைப் பிறவிக் குடிமகன் என்றும், பிறந்த பிறகு சட்டத்தின் வழியாகக் குடியுரிமை பெற்றவரை, நம் பாடநூல்கள் சொல்வதுபோல, இயல்புரிமைக் குடிமகன் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

அரசமைப்பு விளக்காமல் விட்ட சொற்கள்

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் உறுப்பு, அதிபராக வருபவர் பிறவிக் குடிமகனாகவோ, அரசமைப்பு ஏற்கப்பட்ட காலத்தில் ஏற்கெனவே குடிமகனாக இருந்தவராகவோ இருக்க வேண்டும் என்கிறது. அவருக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும், நாட்டில் 14 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்பவை மற்ற இரண்டு தகுதிகள். 1804 இல் வந்த 12 ஆவது திருத்தம் இதே தகுதிகளைத் துணை அதிபருக்கும் விதித்தது. பிறவிக் குடிமகன் என்றால் யார் என்று அரசமைப்பில் ஒரு வரிகூட இல்லை. 1787 ஜூலையில், நாட்டை நிறுவிய தலைவர்களில் ஒருவரான ஜான் ஜே, ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், படைத் தலைமை பிறவிக் குடிமகன் அல்லாத எவர் கையிலும் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். வெளிநாட்டு அரச குடும்பங்களின் செல்வாக்கு புதிய நாட்டின் தலைமைக்குள் புகுந்துவிடுமோ என்ற அச்சம் அன்று உண்மையானது. அச்சத்தைப் பதிவு செய்தவர்கள் பொருளைப் பதிவு செய்யாமல் போனதால், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மூன்று விளக்கங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன.

முதலாவது, மண்ணை மட்டுமே பார்க்கும் விளக்கம். இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில், 1608 இல் தீர்க்கப்பட்ட கால்வின் வழக்கிலிருந்து, அரசனின் ஆட்சிப் பரப்பில் பிறந்தவர் பிறவிக் குடிமகன் என்ற கொள்கை நிலைத்திருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1898 இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் இந்த மரபையே பின்பற்றியது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த அவர், அந்தப் பெற்றோர் அன்றைய சட்டப்படி ஒருபோதும் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாதவர்களாக இருந்தபோதிலும், 1868 இல் நிறைவேறிய 14 ஆவது திருத்தத்தின்படி பிறப்பாலேயே குடிமகன் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர்.

இரண்டாவது, பிறந்த நொடியில் குடியுரிமை இருந்தால் போதும், எங்கே பிறந்தாலும் சரி என்ற விளக்கம். 1790 இல் கூடிய முதல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், கடல் கடந்து பிறக்கும் அமெரிக்கர்களின் பிள்ளைகளும் பிறவிக் குடிமக்களாகவே கருதப்படுவர் என்று சட்டம் இயற்றியது. அரசமைப்பை எழுதியவர்களில் சிலரே அந்த அவையில் உறுப்பினர்களாக இருந்ததால், இந்தச் சான்றுக்குக் கனம் அதிகம். ஆனால் 1795 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, பிறவி என்ற அடைமொழியை விட்டுவிட்டு வெறும் குடிமக்கள் என்று மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு இரு தரப்பும் தத்தமக்கு ஏற்ற காரணத்தைச் சொல்லிக்கொள்கின்றன. இன்றைய குடிவரவுச் சட்டம், இயல்புரிமை என்பது பிறப்புக்குப் பின் எந்த வகையிலேனும் குடியுரிமை வழங்குவது என்று வரையறுக்கிறது. பிறக்கும்போதே குடிமகனாக இருப்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். எனவே அவர் பிறவிக் குடிமகனாகத்தான் இருக்க முடியும் என்பது இந்தத் தரப்பின் வாதம். என் கணிப்பில் இதுவே மூன்றிலும் வலுவானது. காங்கிரஸின் ஆய்வுச் சேவையும் 2011 இல் வெளியிட்ட அறிக்கையில் சான்றுகளின் கனம் இந்தப் பக்கமே சாய்கிறது என்று கூறியது.

மூன்றாவது, மண்ணில் பிறந்திருக்க வேண்டும், பெற்றோர் இருவரும் குடிமக்களாகவும் இருந்திருக்க வேண்டும் என்ற மிகக் குறுகிய விளக்கம். 1875 இல் மைனர் எதிர் ஹேப்பர்செட் வழக்கின் தீர்ப்பில், குடிமக்களின் பிள்ளைகளைப் பற்றி ஐயமே இல்லை, மற்றவர்களைப் பற்றி ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன, அவற்றை இங்கே தீர்க்கத் தேவையில்லை என்று போகிற போக்கில் எழுதப்பட்ட ஒரு பகுதியை இவர்கள் பற்றிக்கொள்கிறார்கள். அந்த வழக்கு பெண்களின் வாக்குரிமை பற்றியது. நீதிமன்றமே தீர்க்காமல் விட்ட ஒன்றைத் தீர்ப்பாகக் காட்டுவது முறையாகாது. 2009 இல் இந்தியானா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை நேரடியாக எடுத்து ஆராய்ந்து நிராகரித்தது.

இந்த மூன்றாம் வாதம் நமக்குத் தொலைவான செய்தியன்று. சென்னையில் பிறந்து மாணவியாக அமெரிக்கா சென்ற சியாமளா கோபாலனுக்கும் ஜமைக்காவிலிருந்து வந்த டொனால்ட் ஹாரிஸுக்கும் 1964 இல் ஓக்லண்டில் பிறந்தவர் கமலா ஹாரிஸ். 2020 இல் அவர் துணை அதிபர் வேட்பாளரானபோது, பெற்றோர் அன்று குடிமக்களாக இருந்தார்களா என்ற கேள்வியை எழுப்பி அவருடைய தகுதியையே ஐயத்துக்குள்ளாக்க முயன்றார்கள். அவர் 2021 ஜனவரியில் பதவியேற்று முழுப் பதவிக்காலமும் பணியாற்றினார். சென்னையிலேயே பிறந்து, 2000 இல் இயல்புரிமைக் குடியுரிமை பெற்று, 2016 இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரமிளா ஜெயபால் அதே பதவிக்குப் போட்டியிடவே முடியாது. புது டில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கைக்குழந்தையாக அமெரிக்கா போய், அதே சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ராஜா கிருஷ்ணமூர்த்தியும் அப்படித்தான். ஒருவர் நினைவு தெரிந்த நாளிலிருந்து வேறு எந்த நாட்டையும் அறியாதவராக இருந்தாலும், பிறந்த மருத்துவமனை எல்லைக்கு வெளியே இருந்தது என்பது இந்த ஒரு பதவிக்கு மாற்ற முடியாத தடையாகிறது. இது அநீதியானது என்றே நான் கருதுகிறேன். இருபது ஆண்டுகள் குடிமகனாக இருந்தால் போதும் என்று அரசமைப்பைத் திருத்த 2003 இல் செனட்டர் ஓரின் ஹாட்ச் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறாமல் போனது வருத்தத்துக்குரியது.

வெளிநாட்டில் பிறந்த வேட்பாளர்களின் கதை இன்னும் முடியவில்லை. மெக்சிகோவில் பிறந்த ஜார்ஜ் ராம்னி 1968 தேர்தலுக்கான களத்தில் இருந்தார். பனாமா கால்வாய் மண்டலத்தில் 1936 இல் பிறந்த ஜான் மெக்கெய்ன் 2008 இல் வேட்பாளரானபோது, அவர் பிறவிக் குடிமகன் என்று செனட் ஒரு தீர்மானமே நிறைவேற்றியது. கனடாவின் கால்கரியில் 1970 இல் அமெரிக்கத் தாய்க்குப் பிறந்த டெட் குரூஸின் தகுதியை 2016 இல் பென்சில்வேனியா நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை சொன்னதில்லை. மாநில நீதிமன்றத் தீர்ப்பும் செனட் தீர்மானமும் அதன் இடத்தை நிரப்பிவிட முடியாது.

உரிமைகளில் எவ்வளவு வேறுபாடு

அதிபர், துணை அதிபர் ஆகிய இரண்டு பதவிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், உரிமைகளைப் பொறுத்தவரை இரண்டு குடியுரிமைகளும் ஒன்றே. பிரதிநிதிகள் சபைக்கு ஏழு ஆண்டுகளும் செனட்டுக்கு ஒன்பது ஆண்டுகளும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்ற விதி இயல்புரிமைக் குடிமக்களைச் சிறிது காலம் காக்க வைக்கும், அவ்வளவுதான். ஜெர்மனியில் பிறந்த ஹென்றி கிஸ்ஸிங்கரும் பிராகில் பிறந்த மாடலின் ஆல்பிரைட்டும் வெளியுறவு அமைச்சர்களாக இருந்தார்கள். அதிபர் பதவி வெற்றிடமானால் யார் ஏறுவது என்ற வரிசையில் மட்டும் அவர்கள் பெயர் தாண்டிச் செல்லப்படும்.

இந்தச் சமநிலை தானாக வந்ததன்று என்பதை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். இயல்புரிமைக் குடிமகன் ஒருவர் தான் பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போய்த் தொடர்ந்து மூன்றாண்டுகள் வசித்தால் குடியுரிமை போய்விடும் என்று ஒரு காலத்தில் அமெரிக்கச் சட்டம் சொன்னது. அந்தச் சட்டம் இன்றும் இருந்திருந்தால், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள மதுரைக்கோ கோவைக்கோ திரும்பி வந்து தங்கும் எத்தனையோ பேர் குடியுரிமையை இழந்திருப்பார்கள். 1964 இல் ஷ்னைடர் எதிர் ரஸ்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இரு வகைக் குடிமக்களின் உரிமைகளும் ஒரே கண்ணியமும் ஒரே பரப்பும் உடையவை, அரசமைப்பு செய்யும் ஒரே வேறுபாடு அதிபர் பதவி மட்டுமே என்று அது கூறியது. மூன்றாண்டுகள் கழித்து, அஃப்ரோயிம் எதிர் ரஸ்க் வழக்கில், குடிமகன் தானே விரும்பி விட்டுக்கொடுக்காத வரை காங்கிரஸால் அவருடைய குடியுரிமையை எடுத்துக்கொள்ள முடியாது என்ற கொள்கை நிறுவப்பட்டது. அஃப்ரோயிம் போலந்தில் பிறந்து இயல்புரிமைக் குடியுரிமை பெற்றவர்.

எது எவ்வளவு உறுதியானது

முறையாகப் பெறப்பட்ட குடியுரிமையைத்தான் அஃப்ரோயிம் தீர்ப்பு காக்கிறது. முறையாகப் பெறவில்லை என்று அரசு நீதிமன்றத்தில் நிறுவினால், இயல்புரிமைக் குடியுரிமை தொடக்கத்திலிருந்தே இல்லாததாகிவிடும். பிறவிக் குடியுரிமைக்கு இப்படி ஒரு திரும்பப் பெறும் நடைமுறையே கிடையாது. ஒப்பீட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது.

இந்தியர்களுக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட், குடியுரிமை வழங்கப்பட்ட பின்னர், 1923 இல் உச்ச நீதிமன்றத்தில் அதை இழந்தார். சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே அவருக்குத் தகுதியில்லை என்பது காரணம். அவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி மற்ற இந்தியர்களின் குடியுரிமைகளும் ரத்து செய்யப்பட்டன. வழக்கறிஞரான சகாராம் கணேஷ் பண்டிட் தன் வழக்கைத் தானே நடத்தி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்ற பிறகே அந்த வேட்டை தளர்ந்தது. இந்தியர்கள் சட்டப்படி இயல்புரிமைக் குடியுரிமை பெறும் வாய்ப்பு 1946 இல்தான் திறந்தது.

இன நிபந்தனை ஒழிந்துவிட்டாலும், சட்டத்துக்குப் புறம்பாகப் பெறப்பட்டது என்ற அடிப்படை இன்றும் இருக்கிறது. முக்கியமான உண்மையை மறைத்தது, வேண்டுமென்றே பொய் சொன்னது என்பது ஓர் அடிப்படை. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாவிட்டாலும், சட்டம் கேட்ட தகுதிகளில் ஒன்று அன்று இல்லாதிருந்தது என்பது மற்றோர் அடிப்படை. கிரீன் கார்டே தவறான வகையில் வழங்கப்பட்டிருந்தால், அதன் மேல் கட்டிய குடியுரிமையும் ஆட்டம் காணும். இதற்கான உரிமையியல் வழக்குக்குக் காலவரம்பு இல்லை. ஆனாலும் குடிமகன் நிராயுதபாணியாக நிற்கவில்லை. தெளிவான, ஐயத்துக்கு இடமற்ற, நம்பத்தக்க சான்று வேண்டும் என்று 1943 இல் ஷ்னைடர்மன் வழக்கு அரசின் தோளில் பெரும் சுமையை ஏற்றியது. 2017 இல் மஸ்லென்யாக் வழக்கு, பொய்யான கூற்றுக்காகக் குற்ற வழக்கு தொடரும் அரசு, அந்தப் பொய் குடியுரிமை கிடைப்பதில் ஏதோ ஒரு பங்கு வகித்தது என்று காட்டியாக வேண்டும் என்றது. 2025 ஜூனில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் இத்தகைய ரத்து வழக்குகளுக்கு முன்னுரிமை தரும்படி தன் வழக்கறிஞர்களுக்குக் குறிப்பாணை அனுப்பியது. சூழல் கடுமையாகியிருக்கிறது, நீதிமன்றங்கள் வகுத்த அளவுகோல்கள் மாறவில்லை.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. தகப்பன் பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தால், பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவம், பாஸ்போர்ட்டில் விரித்தெழுதிய வடிவம், விசாவில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக மாறிய வடிவம் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் சேர்ந்துவிடுகின்றன. இது குற்றமன்று. ஆனால் விண்ணப்பப் படிவம் இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் கேட்கும்போது ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவது, பின்னாளில் தேவையற்ற கேள்விக்கு இடம் கொடுக்கும். பழைய விசாப் படிவங்களில் எழுதிய வேலை விவரம், திருமண நாள், காவல்துறையோடு நேர்ந்த சிறு தொடர்பு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். உண்மையை முழுதாகச் சொல்லிப் பெறும் குடியுரிமை, நடைமுறையில் பிறவிக் குடியுரிமையின் உறுதிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

பிள்ளைகளின் நிலை பெற்றோரின் நிலையிலிருந்து வேறுபட்டது. அவர்களுக்குள்ளும் மூன்று வகை உண்டு.

அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை 14 ஆவது திருத்தத்திலிருந்தே வருவதால் அது மிக உறுதியானது. பெற்றோரின் குடியுரிமை நாளை ரத்தானாலும் இதைத் தொட முடியாது. எனினும் 2025 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட அதிபர் ஆணை, தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனோ நிரந்தரவாசியோ அல்லாதபோது, அதன்பின் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை ஆவணம் தரக்கூடாது என்று கூறியது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் தம்பதியர் இந்த வரையறைக்குள் வருகிறார்கள். பல கூட்டாட்சி நீதிமன்றங்கள் ஆணையை நிறுத்திவைத்தன. 2025 டிசம்பரில் அதன் செல்லுபடியை விசாரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்றுக்கொண்டது. வோங் கிம் ஆர்க் தீர்ப்பின் வாசகத்தை நேர்மையாகப் படித்தால் இந்த ஆணை நிற்க முடியாது என்பதே என் கருத்து. கிரீன் கார்டு பெற்ற பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளையை இந்த ஆணையின் வாசகம் தொடவே இல்லை.

அமெரிக்கக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை அடுத்த வகை. இவரும் பிறந்த கணத்திலேயே குடிமகன்தான். ஆனால் இந்த உரிமையின் ஊற்று அரசமைப்பு அன்று, காங்கிரஸ் இயற்றிய சட்டம். 1939 இல் இத்தாலியில் அமெரிக்கத் தாய்க்குப் பிறந்த பெல்லேய், குறிப்பிட்ட வயதுக்குள் ஐந்தாண்டுகள் அமெரிக்காவில் வந்து வசிக்கவில்லை என்பதற்காகக் குடியுரிமையை இழந்தார். 1971 இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்றது. அந்த வசிப்பு நிபந்தனையைக் காங்கிரஸ் 1978 இல் நீக்கிவிட்டது. இன்று நிபந்தனை பிள்ளை மேல் இல்லை, பெற்றோர் மேல் இருக்கிறது: மணம் புரிந்த பெற்றோர் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள் என்றால், ஒருவர் எப்போதாவது அங்கே வசித்திருந்தாலே போதும், ஒருவர் மட்டுமே குடிமகன் என்றால், அவர் பிள்ளை பிறக்கும் முன் மொத்தம் ஐந்தாண்டுகள் அமெரிக்காவில் உடலளவில் இருந்திருக்க வேண்டும், அவற்றில் இரண்டு ஆண்டுகள் அவருக்கு 14 வயது நிறைந்த பிறகு இருக்க வேண்டும். மாணவராகவோ எச்-1பி ஊழியராகவோ இருந்த நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். கர்ப்ப காலத்தில் ஊருக்கு வந்து தாய்வீட்டில் பிள்ளை பெறுவது நம் வழக்கம். குடியுரிமை பெற்ற பின் அப்படிப் பெற்றால், சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்புக்கான ஆவணத்தைப் பிள்ளைக்கு 18 வயதாகும் முன் வாங்கிவிடலாம். குடியுரிமை பெறும் முன் பெற்றால், அந்தப் பிள்ளைக்குப் பிறவிக் குடியுரிமை என்ற கதவு நிரந்தரமாக மூடிவிடுகிறது. பிரசவத் தேதியும் சத்தியப் பிரமாணத் தேதியும் நெருங்கி வரும் குடும்பங்கள் இந்த வரிசையை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை, இந்தியாவில் பிறந்து பெற்றோரோடு வந்த பிள்ளை. 2000 இல் இயற்றப்பட்டு 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, பிள்ளை 18 வயதுக்குட்பட்டு, கிரீன் கார்டு உடையவராக, குடிமகனான பெற்றோரின் சட்டப்பூர்வப் பராமரிப்பில் அமெரிக்காவில் அவரோடு வசித்தால், பெற்றோரில் ஒருவர் குடிமகனாகும் அந்த நொடியே பிள்ளையும் தானாகக் குடிமகனாகிறார். தேர்வில்லை, நேர்காணலில்லை. ஆயினும் இது பிறப்புக்குப் பின் வந்தது என்பதால் சட்ட வரையறைப்படி இயல்புரிமைதான். இதன் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும்: உண்மையை மறைத்ததற்காகப் பெற்றோரின் குடியுரிமை ரத்தானால், அதன் வழியாக வந்த பிள்ளையின் குடியுரிமையும் அதோடு போகிறது. பெற்றோர் தம் விண்ணப்பத்தில் காட்டும் நேர்மை பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

கிரீன் கார்டோடு நின்றுவிடுவது

குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் கிரீன் கார்டோடு தொடர்வதும் ஒரு தெரிவுதான்; அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஊருக்குத் திரும்புவதில் உறுதியாக இருப்பவருக்கும், இந்தியத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை விடமாட்டேன் என்பவருக்கும் அது பொருந்தும். வரிப் பொறுப்பில் பெரிய மாற்றமில்லை. இரு நிலையிலும் உலகளாவிய வருமானத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வேளாண் நிலத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது: வெளிநாட்டில் வசிக்கும் வரை இந்தியக் குடிமகனும் வேளாண் நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஓசிஐ அட்டைதாரரும் (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) வாங்க முடியாது, வழிவழியாக வரும் நிலத்தை இருவரும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கிரீன் கார்டு உரிமையைவிட அனுமதிக்கே நெருக்கமானது. நீண்ட காலம் வெளியே தங்கினால் கைவிட்டதாகக் கருதப்படலாம். சில குற்றத் தீர்ப்புகள் நாடு கடத்தலில் முடியலாம். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்க முடியாது. தந்தைக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டுக்கு மேல் ஊரில் தங்க நேர்ந்த ஒருவர் விமான நிலையத்தில் பட்ட துன்பத்தை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். குடிமகனாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மறுபக்கத்தில், இந்தியக் குடியுரிமையின் இழப்பு உடனடியானது. 1955 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9 ஆவது பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெறும் கணத்தில் இந்தியக் குடியுரிமை தானாக முடிகிறது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு வேண்டுமானால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. 2024 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த நம்பிக்கையை வெகுவாகச் சுருக்கிவிட்டது. தாய் வயிற்றில் இருக்கும்போதே பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற ஓர் இளைஞருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், மீண்டும் பெறும் உரிமை முறைப்படி துறந்தவர்களின் பிள்ளைகளுக்கே உரியது, வேறு குடியுரிமை பெற்றதால் தானாக இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது கிடையாது என்றது. படிப்பிலும் இதன் விளைவு உண்டு: 2021 மார்ச் 4 அறிவிக்கைக்குப் பின் ஓசிஐ பெறும் மாணவர்கள், நீட் போன்ற தேர்வுகளின் வழியாக வெளிநாடுவாழ் இந்தியருக்குரிய இடங்களுக்கு மட்டுமே போட்டியிட முடியும். பிள்ளையைத் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்க்க எண்ணும் குடும்பம் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எது

பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் என் கருத்து உறுதியானது: தாமதிக்கக் கூடாது. தந்தையோ தாயோ ஒருவர் விண்ணப்பித்தாலே பிள்ளைக்குப் போதும். ஐந்தாண்டு நிறைவதற்கு 90 நாட்கள் முன்பே விண்ணப்பிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஐந்தாண்டுகளில் பாதிக் காலமாவது அமெரிக்காவில் உடலளவில் இருந்திருக்க வேண்டும். இணையவழிக் கட்டணம் 710 டாலர், 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் குடிமையியல் தேர்வில் 20 கேள்விகளில் 12 சரியாக இருக்க வேண்டும். பிள்ளையின் 18 ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் பெற்றோர் பிரமாணம் எடுத்தால், பிள்ளை தன் சொந்த விண்ணப்பத்தோடு தனியாக நிற்க வேண்டியதுதான். விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலத்துக்கு இங்கே எந்தச் சலுகையும் கிடையாது. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையே பத்தாண்டுகளைத் தாண்டி நீள்வதால் எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள் என்பது மனத்தை வருத்தும் உண்மை.

பிள்ளைகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள், பெற்றோர் மட்டும் கிரீன் கார்டில் இருக்கிறார்கள் என்றால் அவசரமில்லை. தங்கள் வயதான தாய் தந்தையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எந்த நாட்டில் விழப்போகிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம். முதுமையில் பிள்ளையிடம் வந்து சேர்ந்த தாய் தந்தையருக்கும் வழி உண்டு: 50 வயதைக் கடந்து 20 ஆண்டுகளோ, 55 வயதைக் கடந்து 15 ஆண்டுகளோ நிரந்தரவாசிகளாக இருந்தவர்கள் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற்று, குடிமையியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே விடை சொல்லலாம்.

பெற்றோர் வழியாகக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கியதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் காலாவதியாகும். என்-600 படிவத்தின் வழியாகப் பெறும் குடியுரிமைச் சான்றிதழ் காலாவதியாகாது. பெற்றோர் பிரமாணம் எடுத்த நாளில் பிள்ளைக்கு வயது என்ன, யாருடைய பராமரிப்பில் எங்கே வசித்தார், கிரீன் கார்டு எந்த நாளில் கிடைத்தது என்ற மூன்றையும் நிறுவும் ஆவணங்கள், அதாவது பள்ளிப் பதிவு, வீட்டு வாடகை ஒப்பந்தம், வரிப் படிவம், மணவிலக்கு நிகழ்ந்திருந்தால் பராமரிப்பு ஆணை ஆகியவை, கையில் இருக்கும்போதே அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.